சூட்டுப் பக்கம்

என் அண்ணன் தெஃபூ ஐம்பத்து நாலு வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் ஊர் சீனாவின் வடகிழக்கில். பெண் தெற்கே, குய்சோ மலைநாட்டுக்காரி. ரயிலில் போனால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். பெயர் சாய்யிங். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். புருஷன் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகனை வளர்த்து, அவனுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டு, எங்கள் டவுனில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் சொந்தக்காரிக்கு ஒத்தாசையாக வந்தவள். மக்காச்சோளம் கொண்டுபோன அண்ணன் அந்தக் கடையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான்.

"அவர்கிட்ட அப்படி என்னத்தப் பாத்தீங்க அண்ணி?" என்று நான் பின்னால் கேட்டேன்.

"சாப்பிட்டு முடிச்சதும் கிண்ணத்தத் தானே எடுத்துட்டுப் போயி கழுவி வெச்சாரு. கடையில யாராவது அப்படிச் செய்வாங்களா?" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் காதல்.

அக்டோபர் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் எங்கள் வயல்களில் உறைபனி விழுந்துவிட்டிருந்தது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பிளாஸ்டிக் தாள் அடித்து, இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, வாசல் கதவுக்குப் பஞ்சு வைத்த திரை தொங்கவிட்டிருந்தான். உள்ளே நுழைந்தவளைக் காங் மேல் உட்காரச் சொன்னேன். ஜன்னலோரம் சுவருக்குச் சுவர் நீண்டு கிடக்கும் செங்கல் மேடையை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இதுக்கு அடியில நெருப்பா?"

"நெருப்பு இல்ல அண்ணி, அடுப்பு அந்தச் சுவருக்கு அந்தாண்ட, சமையக்கட்டுல இருக்கு. புகை இந்த மேடையோட வயித்துக்குள்ள பூந்து, அந்தக் கோடியில புகைபோக்கி வழியா வெளிய போகும்."

"அது மேல படுக்கணுமா? நான் என்ன சுடுற ரொட்டியா?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவள் இந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்குவாள்? பனிக்காலத்துப் பாதியிலேயே மூட்டையைக் கட்டிவிடுவாள், அண்ணன் மறுபடி ஒற்றை ஆளாகிவிடுவான். எட்டு வருஷம் அவன் ஒற்றையாக இருந்ததைப் பார்த்தவள் நான். பழைய அண்ணி ஃபெங்ச்சின் செத்துப்போன பிறகு பல நாள் அடுப்பைக்கூட மூட்டாமல் கம்பளிக் கோட்டோடு படுத்துக் கிடந்தான். நான்தான் போய்த் திட்டி எழுப்புவேன்.

காங்கில் அடுப்பை ஒட்டிய கோடிதான் சூட்டுப் பக்கம். வயசில் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் அந்த இடம். புகைபோக்கி ஓரம் வால் பக்கம். அங்கே சூடு போய்ச் சேருவதற்குள் பாதி செத்துவிடும். முதல் நாளே அண்ணன் சூட்டுப் பக்கத்தில் புதுப் பஞ்சு மெத்தை விரித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன் தலையணையை வால் பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். புதுப்பெண், தூரத்திலிருந்து வந்தவள். சரி, நாலு நாள் மரியாதை என்று நானும் நினைத்தேன்.

டிசம்பர் பிறந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று இறங்கியது. ஒரு நாள் காலை, புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகிய தண்ணீரில் முழங்கால் வரை நின்று நாற்று நட்டுக் கெட்டுப்போன முட்டி அது. குளிர்காலம் பூராவும் சூட்டில் கிடத்தினால்தான் அடுத்த வருஷ வேலைக்கு ஆகும்.

"எங்க படுக்கற நீ?" என்றேன்.

"காங்ல தான்."

"காங்ல எங்க?"

சோளக்கட்டையை அடுப்புக்குள் திணிப்பதிலேயே கண்ணாக இருந்தான். நான் அவனைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனேன். ஒன்றரை மாசமாகியும் அவன் தலையணை அதே வால் பக்கத்தில்தான் கிடந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் மூலையில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. சூட்டுப் பக்கத்தில் சாய்யிங் உட்கார்ந்து, ஒரு துணியை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. சுகமாகத் தூங்கி எழுந்த முகம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன விஷயம் அது.

"அண்ணி, தெற்கத்திக்காரங்களுக்குக் குளிரு ஆகாதுன்னு எங்களுக்கும் தெரியும். அதுக்காக முட்டி போன மனுஷன ஐஸ் மேல தள்ளிட்டு நீங்க மட்டும் கதகதன்னு கிடக்கறது நல்லாவா இருக்கு?"

துணியை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். "முட்டியா?"

"ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்கறீங்க! ஒரே மேடையில படுக்கறீங்க, அவன் காலை இழுத்துட்டு நடக்கறது தெரியலையா? எங்க ஃபெங்ச்சின் அண்ணி நோயாளி. அவங்களுக்குச் சூட்டுப் பக்கம் குடுத்தோம். உங்களுக்கு என்ன நோவு?"

"எனக்குத் தெரியாது குய்ஷியா," என்றாள். ஜெயித்துவிட்ட மாதிரி கிண்ணத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவள் மேற்கு அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் திக்கென்றது.

மேற்கு அறை மனுஷர் படுக்கிற இடமே இல்லை. முட்டைக்கோஸ் ஜாடிகளும் சோள மூட்டைகளும் உறைந்த பேரிக்காய்க் கூடையும் இருக்கிற இடம். ஒரு பழைய மரக் கட்டில் உண்டு. வாளியில் தண்ணீர் வைத்தால் காலையில் மேலே பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும். ஓடினேன். மூன்று ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள் சாய்யிங். காலடியில் இரண்டு பழைய குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணி, நான் ஏதோ கோவத்துல..."

"கோவம் எல்லாம் இல்ல குய்ஷியா. எங்க ஊருல படுக்கை இப்படித்தான் இருக்கும். காலுக்கு மட்டும் கணப்பு." சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. வேண்டுமென்றே சொல்கிறாள், என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது.

அன்று மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றாமல் எங்கள் காங் ஓரத்தில் உட்கார்ந்தான். சூரியகாந்தி விதை கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டானே தவிர ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை.

"நான் பக்கத்துல படுக்கறது அவளுக்குப் பிடிக்கல போலிருக்கு," என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த ஐஸ் பெட்டியில படுக்கறதே மேலுன்னு போயிட்டா. கேட்டா, 'நீங்க நல்லாத் தூங்குங்க'ங்கறா. போறவங்க பேசற பேச்சு மாதிரி இருக்குடி."

நான்தான் அவளைப் பேசினேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. விதைத் தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். மேற்கு அறைக்கு அடுப்பு கிடையாது. ஆனால் நடுவில் இருக்கும் சமையலறைக் கதவையும் இரண்டு அறைக் கதவையும் விரியத் திறந்து வைத்தால் கிழக்கே காங் இருக்கும் அறையின் சூடு கொஞ்சமாவது அங்கே போகாதா? விடிந்ததிலிருந்து அடுப்புக்கு முன்னாலேயே குந்திக்கொண்டு சோளக்கட்டையும் சோளத்தட்டையுமாகத் திணித்துக்கொண்டே இருந்தான். நாலு நாளைக்கு வரவேண்டிய சோளத்தட்டு ஒரே நாளில் தீர்ந்தது. புகைபோக்கியில் தீப்பொறி பறந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். காங்கின் சூட்டுப் பக்கத்தில் விரித்திருந்த பாய் பழுப்பேறிக் கருகியது.

அவள் அறை மாறிய எட்டாம் நாள் காலை. நான் பன்றிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் வீட்டுப் புகைபோக்கி சும்மா நிற்கிறது, வாசல் கதவு வழியாகப் புகை குபுகுபுவென்று வருகிறது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு பேரும் முற்றத்துப் பனியில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் காலில் செருப்புகூட இல்லை. வெறும் காலுறை மட்டும். சாய்யிங் தன் கோட்டைக் கழற்றி அவன் பாதத்துக்கு அடியில் போட்டு, "இது மேல நில்லுங்க, நில்லுங்கன்னா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள தொப்புன்னு ஒரு சத்தம்," என்றான் அண்ணன். "செங்கல் இடிஞ்சு உள்ள விழுந்துடுச்சு. வழி அடைச்சுப்போச்சு."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது. காங் இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் வீடு உறைந்துபோகும், ஜாடியெல்லாம் வெடிக்கும். ஊரில் காங் கட்டத் தெரிந்த ஒரே கொத்தனார் மகள் வீட்டில் பனிக்காலம் கழிக்கத் தாலியன் நகரத்துக்குப் போயிருந்தார். "எங்க வீட்டுக்கு வந்துடுங்க, வசந்தம் வந்ததும் பாத்துக்கலாம்," என்றேன்.

சாய்யிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல கொத்தனார் கரணை இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு குய்ஷியா."

ஜன்னலையெல்லாம் திறந்து புகையை விரட்டினாள். அடுப்பை அவித்தாள். பாயைச் சுருட்டி வீசிவிட்டு, மேடை மேல் மண்டியிட்டு, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர்ந்தாள். ஒரு இடத்தில் நின்று காதை வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள். "இங்கதான்," என்று கரணை நுனியை ஒரு இணைப்பில் செருகி நெம்பினாள். செங்கல் பலகை பெட்டி மூடி திறக்கிற மாதிரி அலுங்காமல் வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"பதினாலு வருஷம் குவாங்தோங்ல கட்டட வேலை," என்றாள், திரும்பாமலே. "மொதல்ல சித்தாளு. அப்புறம் சுவர் வேலை."

"சொல்லியிருக்கா," என்றான் அண்ணன். கொஞ்சம் வெட்கமாக, "நான்தான் அத இதுக்குன்னு யோசிக்கல."

பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினோம். காங்கின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே முழங்கை ஆழத்துக்குக் கரி. மூன்று பேரும் வாரி வாரி வெளியே கொட்டினோம். பத்தே நிமிஷத்தில் எங்கள் முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிச்சம். அடுப்பை ஒட்டிய கோடிக்கு வந்தபோது சாய்யிங் நின்றாள். அங்கிருந்த பலகைகள் வெந்து சிவந்து, நடுவில் விண்டு கிடந்தன. ஒரு துண்டைத் தூக்கி மேல்பக்கத்தைத் தடவினாள்.

"இந்தப் பக்கம் கனமா மண்ணு பூசணுமே. வால் பக்கத்த விட இங்க கம்மியா இருக்கு. விரக்கடை கூட இல்ல. இப்படி இருந்தா மேல படுக்கறவங்க வெந்துபோக மாட்டாங்களா? எந்த மடையன் கட்டினான் இத?"

அண்ணன் கரி அள்ளுவதை நிறுத்தவில்லை. "கட்டினவன் சரியாத்தான் கட்டினான். நான்தான் சொரண்டி எடுத்தேன்," என்றான்.

"ஏன்?"

எனக்குத் தெரியும் ஏனென்று. ஆனாலும் அவன் வாயால் அதைக் கேட்டதில்லை.

"ஃபெங்ச்சினோட கடைசிக் குளிர்காலம். குளிருது குளிருதுன்னுக்கிட்டே இருந்தா. எவ்வளவு எரிச்சாலும் குளிருதும்பா. சூடு சீக்கிரம் மேல வரட்டும்னு ஒருநாள் மண்வெட்டியால பூச்ச சொரண்டிட்டேன். நான் வெறும் கை வெச்சா சுடும். அவ அது மேலதான் படுத்திருந்தா. அவ கை மட்டும் ஐஸா இருக்கும்." கரிச் சட்டியைக் கீழே வைத்தான். "கடைசி வரைக்கும் சூடாகல. அப்புறம் நீ வந்த. தெற்குக்காரி, இந்தக் குளிர் பழக்கமில்ல. எனக்குப் பயம், சாய்யிங். அவ்வளவுதான்."

திறந்த ஜன்னல் வழியாகப் பனிக்காற்று வந்து கரித்தூளைச் சுழற்றியது. சாய்யிங் அந்த உடைந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேர்த்துச்சுங்க," என்றாள்.

"என்ன?"

"தினமும் வேர்த்துச்சு. முதுகு தீஞ்சுபோற மாதிரி இருக்கும். தொண்டை காஞ்சிடும். விடிஞ்சா மூக்குல ரத்தம். நீங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து, அந்தக் காலோட உக்காந்து எனக்காக எரிக்கறீங்க. அதப் பாத்துட்டு வேணாம்னு எப்படிச் சொல்றது? பழகிடும் பழகிடும்னு இருந்தேன்."

மூக்கில் வைத்திருந்த அந்தத் துணி என் கண்முன் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணனுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அப்புறம் ஏன் அங்க போய்ப் படுத்த?"

சாய்யிங் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே கரணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் அண்ணா. உன் முட்டி நோகறதுக்கு அவங்கதான் காரணம்னு மூஞ்சிக்கு நேரா பேசிட்டேன். உன்ன ஐஸ் மேல தள்ளிட்டுப் படுத்திருக்கீங்கன்னு சொன்னேன்."

"நீயா!" என்றான் அண்ணன்.

"அவ சொன்னது நல்லதாப் போச்சு," என்றாள் சாய்யிங். "முட்டி வலிக்குதுன்னு நீங்க சொல்லவேயில்லையே. நான் அங்க இருக்கற வரைக்கும் நீங்க சூட்டுப் பக்கம் வரமாட்டீங்க. அதான் நான் போயிட்டேன். போனப்புறமாவது அங்க படுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ திரும்பி வந்தா உன் இடம் இருக்கணுமில்ல?"

சாய்யிங்குக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று கரி பூசிய முகத்தில் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எழுந்து, "கூறு கெட்ட மனுஷன்," என்று சொல்லி, உடைந்த துண்டை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். "மண்ணு வேணும். குய்ஷியா, இந்த ஊருல உறையாத மண்ணு எங்க கிடைக்கும்?"

நிலம் நாலடி ஆழத்துக்குக் கல்லாகக் கிடக்கும் நேரம். காய்கறிப் பாதாள அறையின் தரை மட்டும்தான் உறையாது. ஏணியில் இறங்கி, தோண்டி, வாளியில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். எத்தனை வாளி என்று எண்ணவில்லை. வாய் நீளத்துக்கு அது சரியான கூலி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "என்னடி, யாராவது உன்னச் சுரங்கத்துல சேத்துட்டாங்களா?" என்றார். "ரெண்டு வாளி தூக்குங்க, பேசாம," என்றேன்.

அண்ணன் வைக்கோலை வெட்டிப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கலவை மிதித்தான். சூடான சேற்றில் கால் வைத்ததும் அவன் முகம் தளர்ந்ததைப் பார்த்து சாய்யிங், "இன்னும் கொஞ்ச நேரம் மிதிங்க, கலவை பதம் வரல," என்றாள். கலவை எப்போதோ பதத்துக்கு வந்துவிட்டிருந்தது.

உள்ளே புகை போகும் பாதையைக் கொஞ்சம் மாற்றினாள். அடுப்பு வாயிலேயே ஒரு செங்கல்லைக் குறுக்கே நிறுத்தி, சூடு அங்கேயே தங்காமல் வால் வரைக்கும் ஓடும்படி செய்தாள். "எங்க ஊருல இதெல்லாம் கிடையாது," என்றாள். "ஆனா தண்ணியா இருந்தா என்ன, புகையா இருந்தா என்ன, வழி விட்டா போகும்." பலகைகளை அடுக்கி, சூட்டுப் பக்கம் நாலு விரல் கனத்துக்குப் பூசினாள். வால் பக்கம் மெல்லிசாக இழுத்துவிட்டாள். அவள் கை போகிற வேகத்துக்கு அண்ணனால் சட்டி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. "சித்தாளு சரியில்ல," என்றாள். "கொத்தனாரம்மா மன்னிக்கணும்," என்றான் அவன். ஃபெங்ச்சின் போனதிலிருந்து அவன் கேலி பேசி நான் கேட்டதே இல்லை.

பொழுது சாயும்போது ஒரு கை சோளத்தட்டு வைத்துப் பற்றவைத்தோம். புகை ஒரு நொடி அடுப்பு வாயில் தயங்கியது. பிறகு சரேலென்று உள்ளே போனது. நான் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கியில் நேராக, வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. "வருது! வருது!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

ஈரம் காயும் வரை, இரண்டு ராத்திரி, எங்கள் வீட்டில் படுத்தார்கள். சாய்யிங் தானாகவே வால் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரஜாயைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். என் அண்ணன் சூட்டுப் பக்கத்தில் முட்டியை நீட்டிக் குறட்டை விட்டான். நடுவில் நானும் என் வீட்டுக்காரரும். காலையில் நான் அவளுக்கு முதல் கிண்ணம் கஞ்சியை நீட்டினேன். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு அது பழக்கமும் இல்லை. வாங்கிக்கொண்டு, தன் மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்து என் கஞ்சியிலும் ஒரு கரண்டி போட்டாள். கண்ணில் தண்ணீர் வர வர முழுதையும் குடித்து முடித்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விடிந்து வெகுநேரம் ஆகியும் ஜன்னல் திரை விலகவில்லை. சமையலறை ஜில்லென்று இருந்தது. அடுப்பில் சாம்பல் மட்டும். அண்ணன் இவ்வளவு நேரம் படுத்து நான் பார்த்ததேயில்லை. உள்ளே மெதுவான பேச்சுக் குரல் கேட்டது. சரி, இன்றைக்கு நான் மூட்டுகிறேன் என்று சோளத்தட்டுக் கட்டைப் பிரித்தேன்.

"எவ்வளவு போடட்டும்?" என்று படுக்கையறைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"நாலு கை!" என்றான் அண்ணன்.

"ரெண்டு போதும்!" என்றாள் சாய்யிங்.

"வெளிய இருபத்தேழு, தெரியுமா உனக்கு?"

"வெளியவா படுத்திருக்கோம்? நாலு போட்டா நான் மேற்கு அறைக்குப் போயிடுவேன்."

"போயேன் பாக்கலாம்."

"குய்ஷியா, ரெண்டு!"

"குய்ஷியா, மூணாச்சும் போடு!"

"நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க," என்றேன். "எனக்கு அங்க பன்றி கத்திட்டு இருக்கு."

ஆனால் எழுந்து போகவில்லை. அடுப்புக்கு முன்னால் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இரண்டா மூன்றா என்று பேரம் நடந்துகொண்டிருந்தது. நான் முதல் கையைப் போட்டு, தீக்குச்சியைக் கிழித்தேன்.